எதுல இருந்து இறங்கி மெட்ரோ ஏறுனீங்க?
வாசகர் கேள்வி - பதில்

போன இதழ்ல சென்னை போக்குவரத்து பத்தி கேள்வி அனுப்புங்கன்னு சொன்னதுக்கு நிறைய வந்துச்சு, பாதிக்கு மேல "எப்போ முடியும்", "எங்க தெருவுல எப்போ ரோடு போடுவாங்க" ரகம். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. மிச்சத்துல "இதெல்லாம் சுற்றுச்சூழலுக்கு நல்லதுன்னு சொல்றாங்களே, அதை எப்படி அளக்குறாங்க"ன்னு கேட்டவங்களை மட்டும் இந்த தடவை எடுத்துக்கிறேன்.

கேள்வி: மெட்ரோ ஸ்டேஷன்களுக்கு பசுமை பிளாட்டினம் ரேட்டிங்னு நியூஸ்ல வருது. அது என்னத்த அளக்குது? நம்பலாமா?
- வாசகர், ஆலந்தூர்

நம்பலாம் சார், ஆனா அது எதுக்கு குடுத்த மார்க்குன்னு தெரிஞ்சு நம்பணும். இந்திய பசுமைக் கட்டிட கவுன்சில்னு ஒரு அமைப்பு, டெல்லி மெட்ரோவோட சேர்ந்து மெட்ரோ ரயிலுக்குன்னே ஒரு ரேட்டிங் முறை வெச்சிருக்காங்க. தண்ணியை எப்படி சேமிக்கிறாங்க, லைட்டும் ஏசியும் எவ்ளோ கரண்ட் இழுக்குது, என்ன மெட்டீரியல்ல கட்டுனாங்க, வெளிச்சம் காத்து எப்படி, பஸ் ஆட்டோவோட இணைப்பு இருக்கான்னு தலைப்பு தலைப்பா புள்ளி போட்டு, கூட்டி, சில்வர் கோல்டு பிளாட்டினம்னு குடுப்பாங்க. இதுல உருப்படியான விஷயம் நிறைய இருக்கு. அண்டர்கிரவுண்ட் ஸ்டேஷன்ல பிளாட்பாரத்துக்கும் டிராக்குக்கும் நடுவுல கண்ணாடிக் கதவு இருக்கே, அது ஆள் விழாம இருக்க மட்டும் இல்ல, ஏசி காத்து டன்னலுக்குள்ள ஓடாம தடுக்குறதாலயும் கரண்ட் மிச்சம். பிரேக் போடும்போது மோட்டாரே ஜெனரேட்டரா மாறி கரண்ட்டை லைனுக்கு திருப்பி அனுப்பும், டெல்லி மெட்ரோ இதுக்காகவே ஐநா கார்பன் கிரெடிட் திட்டத்துல (கார்பன் குறைச்சதுக்கு விக்கக்கூடிய சான்று குடுக்குற திட்டம்) பதிவாச்சு, உலகத்துலயே அதுக்காக பதிவான முதல் ரயில் அதுதான்.

ஆனா இது எல்லாமே ஸ்டேஷனுக்கும் ரயிலுக்கும் குடுக்குற மார்க். அந்த லைன் வந்ததால ஊர்ல எத்தனை வண்டி ரோட்டை விட்டு போச்சுங்கிறது வேற பரீட்சை. நீங்க நேர்ல பாத்திருப்பீங்க, பிளாட்டினம் ஸ்டேஷன் வாசல்லயே டூவீலர் பார்க்கிங் நிரம்பி வழியும், நடந்து வர்றவங்களுக்கு நடைபாதை இருக்காது.

கேள்வி: எங்க ஏரியாவுல வருஷக்கணக்கா மெட்ரோ வேலை நடக்குது. கான்கிரீட் லாரி வந்துட்டே இருக்கு. இவ்ளோ சிமெண்ட், இவ்ளோ கம்பி போட்டு கட்டிட்டு அப்புறம் "கார்பன் குறையுது"ன்னு சொன்னா எப்படி? போட்ட கார்பன் எப்போ திரும்பி வரும்?
- வாசகர், போரூர்

வந்த கடிதத்துலயே நான் ரொம்ப ரசிச்ச கேள்வி இதுதான், அதனால கொஞ்சம் நீளமா பேசுறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல உங்க சந்தேகம் நியாயமானது. சிமெண்ட் செய்ய சுண்ணாம்புக் கல்லை சுடும்போது அடுப்புப் புகை ஒரு பக்கம்னா அந்தக் கல்லுக்குள்ள இருந்தே கார்பன் டை ஆக்சைடு வெளிய வருது, அதனால அடுப்பை எவ்ளோ சுத்தமாக்கினாலும் அந்தப் பங்கு போகாது. பாலத்துக்கு போடுற மாதிரி கெட்டியான கான்கிரீட் ஒரு கியூபிக் மீட்டருக்கு சுமாரா 300ல இருந்து 400 கிலோ கார்பன்னு (கார்பன் டை ஆக்சைடைத்தான் சுருக்கி கார்பன்னு சொல்றேன்) வெச்சுக்கலாம், ஸ்டீல் ஒரு டன்னுக்கு 2 டன்னுக்கு மேல. உங்க போரூர் வழியா போற கலங்கரை விளக்கம் - பூந்தமல்லி லைன் மட்டும் சுமார் 26 கிலோமீட்டர், ரெண்டாம் கட்டம் மொத்தமா ஆரம்பத்துல போட்ட திட்டப்படி 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். அதுல டன்னல் பகுதி இருக்கே, தூண் மேல போற பாதையை விட அங்கதான் கார்பன் எகிறும், அதுலயும் பூமிக்கடியில ஸ்டேஷன் தோண்டுறது ரொம்ப.

2009ல அமெரிக்காவுல செஸ்டர், ஹார்வத்னு ரெண்டு பேர் ஒரு ஆய்வு போட்டாங்க. ஓடுறப்போ வர்ற புகையை மட்டும் எண்ணாம பாதை கட்டுனது, வண்டி செஞ்சது, ஸ்டேஷன் நடத்துறது எல்லாத்தையும் சேர்த்துப் பாத்தா, ரோட்டு வண்டிகளுக்கு 63 சதவீதம்தான் கூடுச்சு, ரயிலுக்கு 155 சதவீதம் கூடுச்சு. அமெரிக்க நம்பர் அப்படியே நமக்கு பொருந்தாது, ஆனா ரயிலுக்கு கட்டுமானக் கணக்கை விட்டுட்டு பேசுனா அது பாதிக் கணக்குங்கிறது இங்கயும் அதேதான்.

இப்போ எப்போ திரும்பி வரும்னு பாப்போம். கணக்கு புரியறதுக்காக நானா உருண்டையா ஒரு நம்பர் வெச்சுக்கிறேன், எந்த நிஜ லைனோட நம்பரும் இல்ல: ஒரு லைன் கட்ட 10 லட்சம் டன் கார்பன் ஆச்சு, தினமும் 2 லட்சம் பேர் ஆளுக்கு 10 கிலோமீட்டர் போறாங்க. ரயில் கிலோமீட்டருக்கு 10 யூனிட் கரண்ட் எடுக்குது, நம்ம நாட்டு கரண்ட்ல யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கார்பன், ஆக 7 கிலோ, உள்ள சராசரியா 350 பேர் இருந்தா ஆளுக்கு கிலோமீட்டருக்கு 20 கிராம், பத்து கிலோமீட்டருக்கு 200 கிராம். ஸ்டேஷன் ஏசி, எஸ்கலேட்டர் எல்லாம் இதுல சேர்க்கல.

தனியா கார்ல போயிட்டிருந்த ஒருத்தர் மெட்ரோவுக்கு மாறுனா, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் குடுக்குற பெட்ரோல் கார்ல அவர் 10 கிலோமீட்டருக்கு ஒன்றரை கிலோ விட்டிருப்பார், ஸோ மிச்சம் 1.3 கிலோ. ஸ்கூட்டர்ல இருந்து மாறுனா மிச்சம் 300 கிராம் மாதிரி. நல்லா நிரம்புன பஸ்ல இருந்து மாறுனா மிச்சம்னு ஒண்ணுமே இல்ல, சொல்லப்போனா கொஞ்சம் கூடும். அப்போ அந்த 2 லட்சம் பேரும் கார்க்காரங்கன்னா போட்ட கார்பன் பத்து பத்தரை வருஷத்துல திரும்பிடும். எல்லாரும் ஸ்கூட்டர்காரங்கன்னா 45 வருஷம் ஆகும். எல்லாரும் பஸ்ல இருந்து வந்தவங்கன்னா எந்தக் காலத்துலயும் வராது! அதே தூண், அதே ரயில், அதே கூட்டம், ஆனா விடை பத்து வருஷத்துல இருந்து என்னைக்குமே இல்ல வரைக்கும் போகுது. சென்னை டூவீலர் ஊர், பஸ் ஊர். அதனாலதான் "தினமும் இத்தனை லட்சம் பயணிகள்"னு வர்ற செய்தியை மட்டும் படிச்சு நான் சந்தோஷப்படுறதில்ல, அவங்க முன்னாடி எதுல போனாங்கன்னு கூடவே சொன்னா நல்லா இருக்கும்.

இது நான் கண்டுபிடிச்ச கேள்வி இல்ல. கொலம்பியா நாட்டு பொகோடா நகரத்து பஸ் திட்டம் டிரான்ஸ்மிலேனியோ 2006ல ஐநா கார்பன் திட்டத்துல பதிவாச்சு, அதுக்கான அளவு முறையிலயே பயணிகள்கிட்ட "இந்த பஸ் இல்லன்னா நீங்க எதுல போயிருப்பீங்க"ன்னு சர்வே எடுக்கணும்னு இருக்கு.

மெட்ரோ பக்கமும் ஒரு வார்த்தை பேசணும், இல்லன்னா ஓரவஞ்சனை ஆயிடும். மெட்ரோ இல்லன்னா அந்த இடத்துல சும்மா இருந்திருக்க மாட்டாங்க, ஃப்ளைஓவர் கட்டியிருப்பாங்க, அதுவும் கான்கிரீட்தான், அதுல கார்தான் போகும். தூணும் டன்னலும் 100 வருஷம் நிக்கணும்னு டிசைன் பண்றது, அதுக்குள்ள காத்தாலையும் சோலாரும் கூடினா கரண்ட்டுக்கு வெச்ச அந்த 0.7 கிலோ கணக்கும் இறங்கிடும். கான்கிரீட்லயும் சிமெண்ட்டுக்கு பதிலா இரும்பு ஆலை கசடு, அனல்மின் நிலைய சாம்பல் பாதி வரைக்கும் கலக்கலாம், அங்கயே நல்ல அளவு கார்பன் குறையும். டெண்டர் போடும்போதே ஒரு கிலோமீட்டருக்கு இவ்ளோ கார்பனுக்கு மேல போகக்கூடாதுன்னு எழுதலாம், பிரிட்டன்ல கட்டுமானத் திட்டங்களோட கார்பனை அளந்து குறைக்கன்னே பாஸ் 2080ன்னு ஒரு தர முறை 2016லயே வந்தாச்சு. இங்க செலவுக்கு ரூபாய் கணக்கு கேக்குற மாதிரி கார்பன் கணக்கும் ஒப்பந்தக்காரர்கிட்ட கேட்டு வாங்கி வெளிய போடணும்ங்கிறது என் கட்சி.

கேள்வி: மத்தியானம் எங்க ரூட்ல பஸ் காலியா போகுது. அதை விட என் ஸ்கூட்டியே மேல்னு என் பையன் வாதம் பண்றான். எலக்ட்ரிக் பஸ் வந்தா சரியாயிடுமா?
- வாசகி, பெரம்பூர்

பையன் கணக்கு தப்பில்லம்மா. டீசல் பஸ் லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் குடுத்தா கிலோமீட்டருக்கு 600 கிராம், 60 பேர் இருந்தா ஆளுக்கு 10 கிராம், 6 பேர்னா 100 கிராம். ஸ்கூட்டி 50 கிராம் பக்கம். பன்னெண்டு பேருக்கு மேல ஏறுனா பஸ் ஜெயிக்குது. ஆனா பையன்கிட்ட இதையும் சொல்லுங்க: மத்தியானம் அந்த காலி பஸ் ஓடலன்னா காலையில போறவங்களும் "திரும்பி வர பஸ் இருக்காது"ன்னு வண்டி எடுத்துடுவாங்க. அதனால ஒரு டிரிப்பை அளக்காம நாள் பூரா அந்த ரூட்டை அளக்கணும்.

எலக்ட்ரிக் பஸ் 2025ல வியாசர்பாடி டிப்போவுல இருந்து ஓட ஆரம்பிச்சாச்சு. ஏசி இல்லாம கிலோமீட்டருக்கு ஒரு யூனிட்னு வெச்சாக்கூட 700 கிராம் ஆகுது, அதாவது இன்னைக்கு நிலக்கரி கரண்ட்ல கார்பன் கணக்கு டீசலுக்கு கிட்டத்தட்ட சமம். அப்போ எதுக்குன்னு கேட்டா, பஸ் ஸ்டாப்ல நிக்குற உங்க மூக்குக்கு! தெருவுல புகை இல்ல, சத்தம் குறைவு. கார்பனையும் தெருப் புகையையும் ஒரே மார்க்கா கூட்டிட்டா ரெண்டுமே தெரியாம போயிடும், தனித்தனியா எழுதணும்.

கேள்வி: பறக்கும் ரயில் புகை விடாது, சரி. ஆனா பக்கிங்ஹாம் கால்வாய்க்குள்ளயே தூண் போட்டு வெச்சிருக்காங்களே, அதை எந்தக் கணக்குல சேர்க்குறது?
- வாசகர், வேளச்சேரி

1995ல முதல் பகுதி ஓட ஆரம்பிச்சு 2007ல உங்க வேளச்சேரிக்கு வந்துச்சு, நிலம் வாங்குற செலவு மிச்சம்னு கால்வாய் ஓரமாவும் உள்ளயுமா தூணை இறக்கிட்டாங்க. செலவுக் கணக்குல அது லாபம், தண்ணி போற வழி குறுகுனது எந்தக் கணக்குலயும் ஏறல. வெள்ளத்துக்கு அது மட்டும்தான் காரணம்னு சொல்ல மாட்டேன், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை சுருக்கினதுல நம்ம எல்லாருக்கும் பங்கு இருக்கு.

இன்னொண்ணு தெரியுமா, 2006ம் வருஷ சுற்றுச்சூழல் அனுமதி அறிவிக்கைல எந்தெந்த திட்டத்துக்கு முன் அனுமதி வேணும்னு ஒரு பட்டியல் இருக்கு, ரயில் பாதை அதுலயே கிடையாது. ரெண்டாம் கட்ட மெட்ரோவுக்கு சுற்றுச்சூழல், சமூக பாதிப்பு அறிக்கை வர்றதுக்கு கடன் குடுக்குற ஜெய்காவும் (ஜப்பான் அரசோட உதவி அமைப்பு) ஆசிய வங்கிகளும் கேக்குறது பெரிய காரணம். அதுல மழைத் தண்ணியை இன்னும் கறாரா பாக்கணும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல பரங்கிமலை மெட்ரோ ஸ்டேஷன் வாசல்ல தண்ணி தேங்கி ஜனங்களை ஆலந்தூர்ல போய் ஏறச் சொன்னாங்க. ரயில் ஓடுச்சு, ஸ்டேஷனுக்குள்ள போகத்தான் வழியில்ல.

கேள்வி: வெட்டுன ஒரு மரத்துக்கு பத்து கன்னு நடுறோம்னு சொல்றது போதுமா?
- வாசகி, தி.நகர்

போதாது. நட்ட எண்ணிக்கையை யாரும் கேக்க வேணாம், மூணு வருஷம் கழிச்சு எத்தனை உயிரோட இருக்கு, எங்க இருக்குன்னு கேளுங்க. தி.நகர் நிழல் போய் ஊருக்கு வெளிய காடு வளந்தா தி.நகர்ல நடக்குறவங்களுக்கு வெயில்தான்.

கேள்வி: நான் நாலு வீட்ல வேலை செய்யறேன். ஃப்ரீ பஸ் வந்ததுல இருந்து மாசம் நல்ல காசு மிச்சம். இந்த சஸ்டைனபிள்னு பேசுறவங்க கணக்குல எங்களை மாதிரி ஆளுங்க வருவோமா?
- வாசகி, வியாசர்பாடி (மகள் எழுதி அனுப்பியது)

வரணும்மா, ஆனா வர்ற விதம் எனக்கு புடிக்கல. 2017 மெட்ரோ ரயில் கொள்கைப்படி ஒரு திட்டம் பாஸாகணும்னா பொருளாதார வருவாய் விகிதம், அதாவது போட்ட காசுக்கு வருஷா வருஷம் சமூகத்துக்கு திரும்பி வர்ற பலன், 14 சதவீதம் இருக்கணும். அதுல டிக்கெட் காசு மட்டும் இல்ல, மிச்சமாகுற நேரம், பெட்ரோல், குறையுற விபத்து எல்லாத்தையும் ரூபாயா மாத்தி சேர்ப்பாங்க. நேரத்தை எப்படி ரூபாயா மாத்துறாங்கன்னா பொதுவா சம்பளத்தை வெச்சு. அப்போ ஐடி கம்பெனி ஆளுக்கு அரைமணி மிச்சமானா நிறைய, உங்களுக்கு அதே அரைமணி மிச்சமானா கொஞ்சம். அதை கூட்டிப் பாத்தா ஐடி கம்பெனிங்க இருக்குற ஓஎம்ஆர் லைன் எப்பவுமே வியாசர்பாடி பஸ்ஸை விட லாபமா தெரியும். எல்லார் நேரத்துக்கும் ஒரே விலைன்னு வெச்சு கணக்கு போடுற வழக்கமும் இருக்கு, அதைத்தான் இங்கயும் பண்ணணும்.

2021 மே மாசம் சாதாரண பஸ்ல பெண்களுக்கு இலவசம்னு வந்ததுக்கு புதுசா ஒரு தூண் கூட எழுப்பல, கம்பி சிமெண்ட் எதுவும் இல்ல. முன்னாடி நீங்க நடந்தே போன வேலைக்கு இப்போ பஸ்ல போறீங்கன்னா கார்பன் கணக்குல அது "கூடுதல் பயணம்"னு மைனஸாக்கூட விழலாம். அப்படி விழுந்தா கோளாறு அந்தக் கணக்குலதான், உங்ககிட்ட இல்ல.

கேள்வி: சிவில் கடைசி வருஷம் படிக்கிறேன். இந்த தலைப்புல ப்ராஜெக்ட் பண்ணணும், டேட்டா எதுவும் கிடைக்கல. எங்க ஆரம்பிக்கிறது சார்?
- மாணவர், கிண்டி

தம்பி, பெரிய டேட்டாவுக்கு காத்திருக்க வேணாம். ஒரே ஒரு ஸ்டேஷன் எடுங்க. பயணிகள்கிட்ட நாலு கேள்வி கேளுங்க: வீட்ல இருந்து இங்க எப்படி வந்தீங்க, இறங்கி எப்படி போவீங்க, மெட்ரோ வர்றதுக்கு முன்னாடி இதே பயணம் எதுல, முன்னாடி இந்தப் பயணமே இல்லையா. கடைசிக் கேள்வியை மறக்காதீங்க, புதுசா உண்டான பயணத்தை மாறுன பயணமா எண்ணிட்டா மொத்தக் கணக்கும் ஊதிடும். காலை கூட்டத்துல மட்டும் எடுக்காம மத்தியானம், ராத்திரி, ஞாயித்துக்கிழமைன்னு பிரிச்சு எடுங்க, பெண்கள் எத்தனை பேர்னு தனியா குறிச்சு வெச்சுக்கோங்க. கட்டுமானப் பக்கத்துக்கு டெண்டர் ஆவணத்துல கான்கிரீட், ஸ்டீல் அளவு இருக்கும், கிடைக்கலன்னா தகவல் உரிமைச் சட்டத்துல எழுதிக் கேளுங்க, முப்பது நாள் ஆகும்ங்கிறதால இந்த வாரமே போட்டுடுங்க. ஸ்டேஷனுக்குள்ள நின்னு கேக்க முன்கூட்டியே அனுமதி வாங்கணும், காலேஜ் லெட்டர்ஹெட்ல கடிதம் கொண்டு போங்க.