வாசகர் கேள்வி – பதில்: கறுப்பு மணல் கண்டதெல்லாம் படிவாகுமா?

கே: மாரி முடிந்த கையோடு எங்கள் கரையில் பட்டை பட்டையாகக் கறுப்பு மணல் கிடக்கிறது. காந்தம் பிடித்தால் கொஞ்சம் ஒட்டுகிறது, மீதி அசையவில்லை. கனிமமணலுக்குப் பேர்போன புல்மோட்டையைப்போல இங்கேயும் இல்மனைட் (டைட்டேனியம் அடங்கிய கறுப்புக் கனிமம்) இருக்குமா?
– வாசகர், நிலாவெளி

ப: ஒட்டியது பெரும்பாலும் மக்னடைட் என்ற இரும்புத் தாது. இல்மனைட்டின் காந்தத்தன்மை மெல்லியது. பழைய ஸ்பீக்கர் காந்தத்துக்கெல்லாம் அசையாது. ஆகவே மீதியில் அது இருக்கக்கூடும். எவ்வளவு தடிப்பில், எவ்வளவு தூரத்துக்கு என்பதுதான் கேள்வி.

வாடைக்கால அலை இலேசான வெள்ளை மணலை (அடர்த்தி 2.65) இழுத்துப்போக, 4.7 அளவுள்ள இல்மனைட் கரையிலேயே தங்கிவிடும். மேலே விரற்கடைத் தடிப்பில் கறுப்பு, கீழே வெறும் மணல். அந்த மேல்தோலை மட்டும் சுரண்டி ஆய்வுக்கு அனுப்பினால் வரும் சதவீதம் ஆளை மயக்கும், ஒன்றுக்கும் உதவாது.

சரியான வழி, கரைக்குக் குறுக்கே கோடு பிடித்து, அலைவாயிலிருந்து மணல்மேடு தாண்டும்வரை இடைவெளி விட்டுத் துளையிடுவது. ஒவ்வொரு துளையிலும் ஆழத்தில் மீற்றருக்கு ஒரு மாதிரி. நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போனதும் ஈரமணல் சரிந்து மேல்மணல் கீழ்மாதிரியோடு கலந்துவிடும்; அங்கே குழாய் இறக்கி அதற்குள்ளிருந்துதான் எடுக்கவேண்டும். மாதிரியைக் காயவைத்துக் குவித்து நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகள் இரண்டை வைத்துக்கொள்ளுங்கள். பையிலிருந்து கைப்பிடியாக அள்ளினால் பாரமான துகள் அடியிலேயே கிடந்துவிடும். ஆய்வுகூடத்தில் புரோமோபோர்ம் திரவத்தில் இடுவார்கள்: வெள்ளை மணல் மிதக்கும், பாரமணல் அமிழும், நிறுத்தால் கணக்கு வந்துவிடும். அது நச்சு, வீட்டில் தொடவேண்டாம். ஓரளவு தெரிந்தால் போதுமென்றால் 1 கிலோ காய்ந்த மணலைத் தட்டில் நீர்விட்டு அலசி, மிஞ்சியதைக் காயவைத்து நிறுங்கள். 30 கிராம் தேறினால் 3 சதவீதம்.

துளையிடும் ஆய்வுக்கு 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள் மற்றும் கனிப்பொருட்கள் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். தோண்டிவிட்டுக் கேட்பது வீண் வம்பு.

கே: சேருவிலவில் செம்பு இருப்பதை நிலத்துக்கு மேலே நின்றே எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?
– வாசகர், மூதூர்

ப: 1971இல் கண்டறியப்பட்ட அந்தப் படிவில் செம்புத் தாது மக்னடைட்டோடு சேர்ந்திருக்கிறது. மக்னடைட் பூமியின் காந்தப்புலத்தைக் குலைப்பதால் காந்தமானியோடு நடந்தாலே இடம் பிடிபடும். ஆனால் கருவி காட்டுவது இரும்பைத்தான். செம்பு உண்டா, எத்தனை சதவீதம் என்பது வைரமுனைத் துளைப்பில் எடுத்த பாறைத் தண்டை வெட்டிப் பகுப்பாய்வு செய்த பிறகே தெரியும். பாறைப்படை சரிந்திருந்தால் துளையையும் அதற்கு எதிராகச் சாய்த்துப் போடவேண்டும். நேர்குத்தாகப் போட்டால் தாது உள்ளதைவிடத் தடிப்பாகத் தெரியும்.