அங்கன்வாடிக்கு 'எழுத்துப் பெட்டி' வாங்கலாமா?

கேள்வி: குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் நாங்கள். ஊர் அங்கன்வாடிக்காகக் குழுவில் 12,000 ரூபாய் சேர்த்திருக்கிறோம். டிவியும் எழுத்து அட்டைகளும் உள்ள பெட்டியை வாங்கினால், பிள்ளைகள் ஆறே மாதத்தில் எழுதுவார்கள், ஒன்றாம் வகுப்பு நுழைவுத் தேர்விலும் தேறுவார்கள் என்று டிரஸ்ட்காரர் ஒருவர் சொல்கிறார். முன்பணம் கேட்கிறார். தரலாமா?

பதில்: தராதீர்கள் அம்மா. தந்துவிட்டால் இன்றே திருப்பிக் கேளுங்கள்.

மூன்று வயதில் மணிக்கட்டின் எட்டு எலும்புகளில் பெரும்பாலானவை இன்னும் இறுகாத குருத்தெலும்புதான். அந்தக் கை மாவு பிசையட்டும், மணலில் கோடு போடட்டும். பென்சில் பிறகு வரும். அப்புறம், நுழைவுத் தேர்வு என்று பயமுறுத்துகிறாரே, ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் பிள்ளைக்குத் தேர்வு வைப்பதே 2009 கட்டாயக் கல்விச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு 25,000 ரூபாய் வரை அபராதம்.

இந்தப் பெட்டிக்காரர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஃபிளெக்ஸ் கட்டுவார்கள், உங்களை நிறுத்திப் போட்டோ எடுப்பார்கள், அதைக் காட்டி வேறெங்கோ நன்கொடை வாங்குவார்கள். வருடம் முடிந்தால் 'சந்தா புதுப்பியுங்கள்' என்று போன் வரும். நான் போன ஒரு மையத்தில் டிவி பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தது. ரிமோட்டுக்கு பேட்டரி இல்லையாம்!

பணத்தில் கொஞ்சத்துக்குப் படக்கதைப் புத்தகங்கள் வாங்குங்கள். நேஷனல் புக் டிரஸ்ட் புத்தகங்கள் விலை குறைவு. ஸ்டோரிவீவர் தளத்தில் கதைகள் இலவசம், அச்செடுத்தும் கொள்ளலாம். மிச்சப் பணம் உங்களுக்கே. தினமும் ஒருத்தி அரை மணி நேரம் போய்க் கதை சொல்லட்டும், அந்த நேரத்தின் பீடிக் கூலியைக் குழுவே கொடுக்கட்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. படிக்கத் தெரியாதவரும் போகலாம். படத்தைக் காட்டி "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டால் போதும், பிள்ளைகளே கதையை இழுத்துக்கொண்டு போவார்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். உங்கள் பக்கம் வீட்டில் உருதோ தெலுங்கோ பேசும் பிள்ளைகள் உண்டு. அங்கன்வாடியில் அந்தப் பிள்ளை வாயே திறக்காது. மந்தம் என்று முத்திரை குத்திவிடுவார்கள். மந்தமில்லை, பாஷை புரியவில்லை, அவ்வளவுதான். அந்தத் தெருவிலிருந்தே ஒரு அம்மாவை வாரம் இரண்டு நாள் கூப்பிடுங்கள். அதே கதையை முதலில் உருதுவில், பிறகு தமிழில் சொல்லட்டும். வீட்டுப் பேச்சை விடச் சொல்லாதீர்கள். அதில் நன்றாகப் பேசும் பிள்ளைக்குத் தமிழும் சுலபமாக வரும். ஸ்டோரிவீவரில் உருது, தெலுங்குக் கதைகளும் உண்டு.

பணியாளரைக் குறை சொல்லாதீர்கள். 1975இல் இந்த அங்கன்வாடித் திட்டம் தொடங்கியபோதே முன்பருவக் கல்வியும் ஆறு சேவைகளில் ஒன்று. ஆனால் எடை போட்டு, சத்துமாவு கொடுத்து, பதிவேடு எழுதி, போஷன் டிராக்கர் என்ற அரசு செயலியில் ஏற்றி முடிப்பதற்குள் பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள். மேலே இருப்பவர்கள் கேட்பதும் எண்ணிக்கையைத்தான், கதையை யார் கேட்கிறார்கள்?

புத்தகங்களைப் பணியாளரிடம் கொடுத்து இருப்புப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள், மேற்பார்வையாளர் காதிலும் போட்டுவையுங்கள். எழுதியாச்சே என்று பீரோவில் மட்டும் வைத்துவிடக் கூடாது, பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கட்டும். கிழியத்தான் செய்யும். கூடவே இரண்டு செலோடேப் வாங்கிவிடுங்கள்.