ஏஜென்ட் தவறான கருவியை அழைக்கிறதா? விளக்கக் குறிப்பைச் சோதிக்கும் முறை

கேள்வி: சேலம் ஃபேர்லேண்ட்ஸில் சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்துகிறோம். வாடிக்கையாளர்கள் எத்தீரியம் பிளாக்செயினில் ஸ்டேக் செய்த (அதை இயக்க உதவி, வருமானம் பெறுவதற்காகப் பூட்டி வைத்த) தொகை குறித்துக் கேட்டால் பதில் சொல்ல ஏஐ ஏஜென்ட் ஒன்றை உருவாக்கி, தரவை எடுக்க எட்டுக் கருவிகளையும் (ஏஜென்ட் அழைக்கும் சிறு நிரல்களையும்) கொடுத்திருக்கிறோம். சில நேரம் அது தவறான கருவியை அழைக்கிறது. சரியான கருவியை அழைத்தாலும் தொகையைத் தவறாகச் சொல்வதுண்டு. மாடலை மாற்றுவதா, கருவிகளின் விளக்கக் குறிப்புகளைத் திருத்துவதா? குறிப்பின் தரத்தை எப்படி அளப்பது?

பதில்: முதலில் குறிப்புகளைச் சோதியுங்கள். கருவிக்குப் பின்னால் இருக்கும் நிரலை ஏஜென்ட் பார்ப்பதில்லை. கருவியின் பெயர், விளக்கக் குறிப்பு, உள்ளீடுகளின் ஸ்கீமா (எந்த உள்ளீடு, எந்த வடிவில் என்ற வரையறை) ஆகியவற்றை வைத்துத்தான் எதை அழைப்பது என்று முடிவெடுக்கிறது. 2024 நவம்பரில் ஏஐ நிறுவனமான ஆந்த்ரோபிக் வெளியிட்ட, ஏஜென்டைக் கருவிகளோடு இணைக்கும் எம்சிபி நெறிமுறையிலும் இதுவே அமைப்பு. அங்கே எழுதாமல் விட்டதை அது ஊகித்துக்கொள்ளும்.

நீங்கள் அனுப்பிய குறிப்புகளில் ஒன்று, "வேலிடேட்டரின் இருப்பைத் தரும்" என்கிறது. வேலிடேட்டர் என்பது ஸ்டேக் செய்த தொகையைக் கொண்டு பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கும் கணக்கு. ஸ்டேக்கிங் தரவைத் தரும் எத்தீரியத்தின் பீக்கன் ஏபிஐ, இருப்பை எத்தீரியத்தின் நாணயமான ஈதரில் தருவதில்லை, க்வெய் அளவில் தருகிறது. ஒரு ஈதர் என்பது 100 கோடி க்வெய். அலகு சொல்லாத இந்தக் குறிப்பு, செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் கிராமா கிலோவா என்று எழுதாமல் கொடுத்த எடைச்சீட்டைப் போன்றது. அதோடு, அதே ஏபிஐ 'எஃபெக்டிவ் பேலன்ஸ்' என்ற இன்னொரு தொகையையும் தருகிறது. அது முழு ஈதர்களாகவே ஏறி இறங்குவதால், வாடிக்கையாளருக்கு உண்மையில் சேர்ந்திருக்கும் தொகையை அதிலிருந்து சொல்ல முடியாது.

இதைவிட ஆபத்தானது, இருப்பிலிருந்து, தொடக்கத்தில் ஸ்டேக் செய்த 32 ஈதரைக் கழித்து அதையே வருமானம் என்று ஏஜென்ட் சொல்லிவிடுவது. 2023 ஏப்ரலில் வந்த ஷாங்காய் மேம்பாட்டுக்குப் பிறகு, 32 ஈதர் வரம்புள்ள வேலிடேட்டரில் அதற்கு மேல் சேரும் தொகை, பணம் பெறுவதற்கென்று பதிவு செய்த முகவரிக்கு அவ்வப்போது தானாகவே போய்விடுகிறது. புதிய பிளாக்கை (பரிவர்த்தனைத் தொகுப்பை) முன்மொழியும்போது பயனர்களிடமிருந்து கிடைக்கும் டிப்ஸ் தொகையோ வேலிடேட்டர் இருப்பில் சேர்வதே இல்லை. அதற்கென்று குறித்த முகவரிக்கு நேராகச் செல்கிறது. 2025 மே 7 அன்று நடைமுறைக்கு வந்த பெக்ட்ரா மேம்பாடு, கூட்டுவட்டி வகை (வருமானம் இருப்பிலேயே சேரும்) வேலிடேட்டர்களுக்கு எஃபெக்டிவ் பேலன்ஸின் உச்சத்தை 2048 ஈதர் வரை உயர்த்தியதால், 32 என்ற எண்ணை நிலையானதாக எழுதியிருக்கும் குறிப்புகள் காலாவதியாகிவிட்டன.

அந்தக் குறிப்பை நான் இப்படி எழுதுவேன் (எபாக் என்பது எத்தீரியம் காலத்தைப் பிரிக்கும் சில நிமிட அலகு): "வேலிடேட்டர் எண்ணைக் கொடுத்தால், குறிப்பிட்ட எபாக்கில் இருந்த இருப்பை ஈதரில் தரும். எபாக் கொடுக்காவிட்டால், கடைசியாக உறுதியான எபாக்கின் இருப்பைத் தரும். இதுவரை ஈட்டிய வருமானத்தைக் கேட்டால் இதை அழைக்க வேண்டாம். வருமானக் கருவியை அழைக்கவும்." க்வெய்யை ஈதராக மாற்றும் கணக்கை மாடலிடம் விடாமல் நிரலிலேயே முடித்துவிடுங்கள். எப்போது அழைக்கக் கூடாது என்ற வரியை எழுதுவோர் குறைவு. ஒன்றையொன்று ஒத்த கருவிகள் இருக்கும் இடத்தில் அதிகப் பயன் தருவது அந்த வரிதான்.

அளப்பதற்கு, முப்பது நாற்பது கேள்விகளைத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் அழைக்க வேண்டிய கருவி, கொடுக்க வேண்டிய உள்ளீடு, வர வேண்டிய விடை ஆகியவற்றை முன்கூட்டியே எழுதி வையுங்கள். கேள்விகள் உங்கள் வாடிக்கையாளர் பேசும் மொழியிலேயே இருக்கட்டும். "எக்சிட் குடுத்து நாலு நாள் ஆச்சு, பணம் எப்ப வரும்?" என்று கேட்பவருக்கு இருப்பைச் சொல்லிப் பயனில்லை. அவருடைய வேலிடேட்டர் வெளியேறும் வரிசையில் நிற்கிறதா, வெளியேறிய பின் கட்டாயமாகக் காத்திருக்க வேண்டிய 256 எபாக், அதாவது ஏறக்குறைய 27 மணி நேரம், முடிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். ஆகவே நிலையைத் தரும் கருவியின் குறிப்பில் ஒவ்வொரு நிலைச்சொல்லுக்கும் பொருள் இருந்தாக வேண்டும். "ஈதர் விலை அடுத்த வாரம் ஏறுமா?" போன்ற, எந்தக் கருவியையும் அழைக்கக் கூடாத கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இருப்பு நாளுக்கு நாள் மாறுவதால், விடைகளைக் கடந்துபோன ஒரு எபாக்குக்கு நிலைப்படுத்தி, பிளாக்செயின் தரவைக் காட்டும் பிளாக் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் கையால் சரிபாருங்கள். ஒரே கேள்விக்கு ஏஜென்ட் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடக்காது என்பதால் ஒவ்வொன்றையும் பலமுறை ஓட்டி, கருவித் தேர்வு, உள்ளீடு, விடையைப் புரிந்துகொண்ட விதம் என மூன்றுக்கும் தனித்தனியே மதிப்பெண் இடுங்கள். மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால், தொகை பிழையானது அலகாலா, தவறான கருவியாலா என்பது தெரியாது. ஒரு நேரத்தில் ஒரு குறிப்பை மட்டும் திருத்துங்கள். மாடலிலும் நிரலிலும் கை வைக்காதீர்கள். கேள்விகளில் கால்பங்கைத் திருத்தும்போது பார்க்காமல் ஒதுக்கி வைத்து, கடைசியில் ஓட்டுங்கள். இத்தனைக்குப் பிறகும் தெளிவான குறிப்பு இருந்தே தவறான கருவியை எடுத்தால், அப்போது மாடலை மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

வெளியார் தரும் எம்சிபி சர்வரை (கருவித் தொகுப்பை) சேர்ப்பதாக இருந்தால், அதன் குறிப்புகளை வரி வரியாகப் படித்த பிறகே சேருங்கள். கருவிக் குறிப்புக்குள் ஏஜென்டுக்கான மறைமுகக் கட்டளையை ஒளித்து வைக்க முடியும். அதனால் தரவை வாசிக்கும் ஏஜென்டிடம் கையொப்பமிடும் சாவியையோ பணம் அனுப்பும் கருவியையோ கொடுக்காதீர்கள்.