பச்சை முகமும் கிலுகிலுப்பையும்

கே: 1959-இல் வந்த ‘சம் லைக் இட் ஹாட்’ என்ற ஹாலிவுட் நகைச்சுவைப் படத்தை ஏன் கறுப்பு வெள்ளையில் எடுத்தார்கள்? கலர்தான் அப்போதே இருந்ததே!

ப: நாயகி மர்லின் மன்றோவும் கலர்தான் வேண்டும் என்றார். ஆனால் பெண் வேஷம் கட்டிய டோனி கர்ட்டிஸ், ஜாக் லெமன் இருவரையும் கலரில் எடுத்துப் பார்த்தால், அப்பியிருந்த மேக்கப் பச்சை பூத்துத் தெரிந்தது. இயக்குநர் பில்லி வைல்டர் கலரைக் கைகழுவிவிட்டார். நல்லதாகப் போயிற்று. 1929-இல் சிகாகோ கொலைகாரக் கும்பலுக்குப் பயந்து, இரண்டு வாத்தியக்காரர்கள் பெண் வேஷத்தில் மகளிர் இசைக்குழுவில் ஒளிகிற கதைக்குக் கறுப்பு வெள்ளைதான் பாந்தம்.

எனக்கு அதைவிடப் பிடித்தது வேறு. கோடீஸ்வரக் கிழவரோடு கல்யாணம் நிச்சயமான பூரிப்பில், ஜாக் லெமன் கிலுகிலுப்பை மாதிரி மராக்கஸ் என்ற தாள வாத்தியத்தைக் குலுக்கிக்கொண்டே பேசுவாரே, அந்தக் காட்சி! தியேட்டர் சிரிப்பில் அடுத்த வசனம் அமுங்கிவிடக் கூடாதென்று நடுநடுவே அந்தக் குலுக்கலை வைத்தவர் வைல்டர். நாம் சிரித்து முடிக்கும்வரை லெமன் குலுக்கிக்கொண்டிருப்பார். டோனி கர்ட்டிஸ்தான் பாவம், நண்பனுக்குப் புத்தி சொல்லியே களைத்துப்போவார்.