அனுமதி வருமுன் வினாக்கொத்தை நீட்ட வேண்டாம்

வெள்ளவத்தையிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மனிதரிடம் செய்யும் ஆய்வுகளை முன்கூட்டியே பார்த்து அனுமதிக்கும் ஒழுக்கவியல் மீளாய்வுக் குழுவின் அனுமதி இன்னும் வராததால் மகளின் இறுதியாண்டு ஆய்வு இரண்டு மாதமாக நிற்கிறது, கூடப் படிக்கிற பிள்ளைகள் கூகுள் படிவத்தை வாட்ஸப்பில் அனுப்பித் தரவு சேர்த்து முடித்துவிட்டார்கள், இவளும் தொடங்கினால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள்.

தொடங்க வேண்டாம். பழைய திகதிக்கு எந்தக் குழுவும் அனுமதி தராது. இன்று சேர்த்த தரவுக்கு அடுத்த மாதம் வரும் கடிதம் செல்லாது. ஆய்விதழ்கள் அனுமதி இலக்கத்தையும் திகதியையும் கேட்கும். முதல் பதில் எப்போது வந்தது என்பதோ கூகுள் படிவத்திலேயே பதிவாகியிருக்கும். பிறகு அந்தத் தரவை எறிவதைத் தவிர வழியில்லை. பத்துப் பேரிடம் மட்டும் கேட்டுப் பார்ப்பதற்கும் இதே விதிதான், முன்னோட்டமும் மனிதரிடம் செய்யும் ஆய்வே.

பாடசாலை மாணவிகளின் இரத்தச்சோகை பற்றிய ஆய்வு என்கிறீர்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள், அதுவும் ஊசி குத்தி எடுக்கும் இரத்தம்: குழு மேலோட்டமாகப் பார்த்து அனுப்பிவிடக்கூடிய விண்ணப்பமல்ல இது. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோயிருந்த கறுப்பின ஆண்களுக்குப் பெனிசிலின் கிடைக்கத் தொடங்கிய பின்னும் மருந்து கொடுக்காமல் நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். படித்த வைத்தியர்கள் செய்த வேலை அது. ஆய்வாளரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பிவிட முடியாது என்பதால்தான் வெளியாட்களும் இருக்கும் குழு ஒன்று முதலில் பார்க்கிறது.

விண்ணப்பம் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் காரணம், ஆய்வில் என்ன செய்யப்போகிறோம் என்று பங்கேற்பவர்களுக்கும் பெற்றோருக்கும் சொல்லும் தகவல் தாள். சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்றிலும் கொடுக்க வேண்டிய இடத்தில், ஆங்கிலத்தை மட்டும் ஒழுங்காக எழுதிவிட்டுத் தமிழைக் கடைசி இரவில் மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு எடுக்கிறார்கள். ‘சிரைவழி குருதி மாதிரி 5 மில்லிலீட்டர் பெறப்படும்’ என்றால் கொட்டாஞ்சேனையில் ஒரு தாய்க்கு என்ன விளங்கும்? ‘உங்கள் மகளின் கையிலிருந்து ஒரு தேக்கரண்டி அளவு இரத்தம் ஊசியால் எடுப்போம். கொஞ்சம் வலிக்கும், எடுத்த இடம் ஓரிரு நாள் கன்றியிருக்கலாம்’ என்று எழுதினால் விளங்கும். அதோடு குழு இன்னொன்றையும் கேட்கும்: ஹீமோகுளோபின் பார்க்க 2 மில்லிலீட்டர் போதுமே, எதற்கு 5? மிச்சத்தை வைத்திருந்து வேறு சோதனை செய்வதானால் அதையும் தாளில் சொல்லியிருக்க வேண்டும்.

அதைவிட முக்கியமான கேள்வி, இரத்தச்சோகை இருப்பதாகத் தெரியவரும் பிள்ளைக்கு என்ன செய்வீர்கள் என்பது. ஹீமோகுளோபின் டெசிலீட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே வந்தால் யார், எத்தனை நாளில் பெற்றோருக்குச் சொல்வார்கள், எந்தக் கிளினிக்குக்கு எந்தக் கடிதத்தோடு அனுப்புவார்கள் என்று விண்ணப்பத்தில் எழுதியிருக்க வேண்டும். இந்தப் பகுதி வெறுமையாக இருந்தால் திருப்பி அனுப்புவதே நியாயம். இரத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பிள்ளையை அப்படியே விட்டுவிட்டுப் போக யாருக்கும் உரிமையில்லை.

பெற்றோர் கையொப்பம் மட்டும் போதாது, பிள்ளையின் சம்மதமும் தனியாக வேண்டும். தாய் சம்மதித்து மகள் மறுத்தால் மறுப்புத்தான் நிற்கும். வகுப்பாசிரியரைக் கொண்டு படிவம் சேர்க்க வைப்பது வசதிதான், ஆனால் ஆசிரியர் கேட்டால் எந்தப் பிள்ளை மாட்டேன் என்று சொல்லும்? அதிபரின் அனுமதியும் கல்வித் திணைக்களத்தின் அனுமதியும் வேறு வேறு கடிதங்கள். குழுவின் பதிலுக்குக் காத்திருக்கும்போதே அவை பற்றி விசாரித்து வைக்கலாம்.

பெயர்ப் பட்டியல் ஒரு கோப்பிலும், இலக்கம் மட்டும் இட்ட முடிவுகள் வேறொரு கோப்பிலும் இருக்கட்டும். இரண்டையும் ஒரே பென்டிரைவில் கொண்டு திரியக் கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலையும் பிள்ளைகளின் தகவலையும் விசேட வகையாகவே பார்க்கிறது.

இந்தக் கிழமைகளில் மகள் செய்யக்கூடியவை நிறைய உண்டு. நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறை பற்றிய சான்றிதழ்ப் பாடநெறி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, சில மணிநேரத்தில் முடிக்கலாம். முடிவு அட்டவணைகளை எண் இல்லாத வெறும் கட்டங்களாக இப்போதே வரைந்து வைக்கட்டும். எந்தக் கேள்வி தேவையில்லாதது என்று அதிலேயே தெரிந்துவிடும். ஆய்வுகூடக் குறிப்பேட்டைப் பேனாவால் எழுதி, பிழைத்ததை ஒரே கோட்டால் வெட்டி, பக்கத்தில் திகதியும் கையொப்பமும் இடப் பழகட்டும். வெள்ளை மை பூசிய பக்கத்தையோ கிழித்த தாளையோ எந்தப் பரிசோதகரும் நம்பமாட்டார்.

வேலையைப் பற்றியும் கவலைப்பட்டிருந்தீர்கள். கொழும்பில் மருந்துப் பரிசோதனை நடத்தும் பிரிவுகளுக்கு ஆய்வு ஒருங்கிணைப்பாளர்கள் வேண்டும், தரவு முகாமையாளர்கள் வேண்டும். அப்படிப்பட்ட பரிசோதனை ஒவ்வொன்றும், 2006இல் தொடங்கிய இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டைப் போன்ற ஒன்றில், முதல் நோயாளியைச் சேர்க்குமுன் பதிவாக வேண்டும். அந்தப் பதிவையும் குழுவுக்கான விண்ணப்பத்தையும் தயாரிக்கத் தெரிந்த, தமிழில் ஒரு தாய்க்கு விளங்க எழுதத் தெரிந்த பட்டதாரிகள் அதிகமில்லை. நேர்முகத்துக்குப் போகும்போது தன் விண்ணப்பத்தையும், குழு எழுப்பிய கேள்விகளையும், தான் எழுதிய பதில்களையும் மகள் ஒரே கோப்பில் கொண்டு போகட்டும்.