அட்டைப்பெட்டிக்குள் சிவந்த செடி

கேள்வி: முத்தியால்பேட்டையில் மாடி வீடு எங்களுடையது. கிறிஸ்துமஸ் அன்று மதியம் கணவரின் ஆபீஸ் நண்பர்கள் மூன்று குடும்பமாகச் சாப்பிட வருகிறார்கள். பிளாஸ்டிக் மரமும் ஜிகினாவும் சலித்துவிட்டன. வீட்டில் இருக்கும் தொட்டிச் செடிகளை வைத்தே சாப்பாட்டு மேஜையை அலங்கரிக்க ஆசை. மணி பிளாண்ட், டிஃபன்பேக்கியா, பீஸ் லில்லி இருக்கின்றன. மொட்டைமாடியில் ஒரு பாயின்செட்டியா பிரமாதமாகச் சிவந்திருக்கிறது. பக்கத்து வீட்டில் அதே நர்சரியில் வாங்கியது பச்சையாகவே நிற்கிறது. செடிகளை அத்தைதான் பார்த்துக்கொள்கிறார். (வயதாகிவிட்டதால் விநோதமான பழக்கங்கள் வேறு. அக்டோபரிலிருந்து தினமும் சாயங்காலம் அந்தச் செடி மேல் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துவிட்டு வருகிறார், மழையிலும்கூட!) அவருக்குக் கை நடுங்கும், சிந்திவிடுவார். அதனால் பன்னிரண்டு மணிக்கே அவர் அறையில் சாப்பாடு கொடுத்துவிடுவோம். எனவே மேஜையில் இடத்துக்குப் பஞ்சமில்லை. எந்தச் செடியை எப்படி வைக்கலாம்? பூச்சி வராமல் இருக்க என்ன செய்வது?
- வாசகி, புதுச்சேரி

பதில்: அந்த அடைப்புக்குறியிலிருந்தே தொடங்குகிறேன். ஆச்சரியக்குறி வேறு போட்டிருக்கிறீர்கள்.

பாயின்செட்டியா மெக்சிகோ பக்கத்துச் செடி. நாம் பூ என்று நினைக்கும் சிவப்பெல்லாம் இலைதான். நடுவில் மிளகு மிளகாக மஞ்சளாய்த் தெரிகிறதே, அதுதான் பூ. அந்த இலை சிவக்க நீண்ட இரவு வேண்டும். நடுவில் தெருவிளக்கு வெளிச்சம் விழுந்தாலே காரியம் கெட்டுவிடும், செடி பச்சையாகவே நிற்கும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் சாயங்காலம் ஐந்தரைக்கு மூடி, காலை ஏழரைக்குத் திறப்பார்கள். 14 மணி நேர இருட்டு, எட்டு வாரம் போல. பகலில் நல்ல வெயிலும் பட வேண்டும், ஆகவே காலையில் பெட்டியை எடுக்க மறந்தாலும் வீண்.

பக்கத்து வீட்டுச் செடிக்கு என்ன குறை என்று இப்போது தெரிகிறதா? அங்கே பெட்டி கவிழ்க்க ஆளில்லை.

மூட ஒரு தடவை, திறக்க ஒரு தடவை. எட்டு வாரத்துக்கு 112 தடவை மாடிப்படி ஏறி இறங்கியிருக்கிறார் உங்கள் மாமியார். அதுவும் ஐப்பசி, கார்த்திகை மழையில், பாசி பிடித்த படியில். நனைந்த அட்டை ஊறிப் பிய்ந்துபோகும் என்பதால் பாலிதீனும் சுற்றியிருப்பார், போய்ப் பாருங்கள். சோறு சிந்தும் என்று நீங்கள் ஒதுக்கிய அதே கைதான் அம்மா இதைச் செய்தது. அந்தக் கை சிவக்க வைத்த செடி மேஜை நடுவில் உட்காரும், அவர் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாப்பிட வேண்டும். இதில் "எனவே" என்று ஒரு வார்த்தை! எனக்கு அந்த "எனவே"தான் தொண்டையில் நிற்கிறது.

உங்களை மட்டும் திட்டினால் நியாயமில்லை. இத்தனை நீளக் கடிதத்தில் உங்கள் கணவருக்கு நண்பர்கள் இருக்கிறார்கள், வாய் இல்லை. பெற்ற தாய் தனியாகச் சாப்பிடுவது பற்றி அவர் என்ன சொன்னார்? ஒன்றும் சொல்லவில்லை என்றால், இந்தப் பக்கத்தை அவரிடமும் நீட்டுங்கள். மாமியார் விஷயம் என்றாலே மருமகள் தலையில் கட்டிவிட்டு நல்ல பிள்ளையாக நிற்கும் மகன்களை நான் நிறையப் பார்த்தாயிற்று.

விருந்து என்றால் வீட்டில் மூத்தவர் தட்டில்தான் முதல் கரண்டி விழ வேண்டும். பழைய பஞ்சாங்கம் என்பீர்கள். இருந்துவிட்டுப் போகிறேன்.

கை நடுக்கத்துக்கு வழி இருக்கிறது. தட்டையான பீங்கான் தட்டு வேண்டாம், விளிம்பு உயர்ந்த, கனமான கிண்ணத்தில் பரிமாறுங்கள். தடித்த பிடி உள்ள ஸ்பூன் கொடுங்கள். டம்ளரில் பாதி மட்டும் ஊற்றுங்கள். பிரியாணியில் எலும்பை நீங்களே எடுத்துவிடுங்கள். விவிக்கம் கேக்கைச் சின்னத் துண்டாக வெட்டி வையுங்கள், கையாலேயே எடுத்துக்கொள்வார். அதற்கு மேலும் சிந்தினால் துடைக்கத் துணி இருக்கிறது. வருகிற குழந்தைகள் சிந்தாமலா சாப்பிடப் போகிறார்கள்? ஆனால் முதலில் அவரைக் கேளுங்கள். பன்னிரண்டு மணிச் சாப்பாடு சர்க்கரை மாத்திரைக்காக என்றால், அந்த நேரத்தில் ஏதாவது கொஞ்சம் கொடுத்துவிட்டு மேஜைக்கும் அழைக்கலாம். கூச்சப்பட்டு அவரே வேண்டாம் என்றால், ஒரு தடவை கேட்டோம் என்று விட்டுவிடாதீர்கள். இத்தனை நாள் உள்ளே உட்காரவைக்கப்பட்டவர் சட்டென்று வெளியே வரமாட்டார்.

சரி, செடிக்கு வருவோம்.

டிஃபன்பேக்கியா மேஜைப் பக்கமே வரக்கூடாது. அதன் இலையிலும் தண்டிலும் ஊசி ஊசியான உப்புப் படிகங்கள் உண்டு. ஒரு பிள்ளை கடித்துவிட்டால் வாயெல்லாம் எரிந்து நாக்கு வீங்கும், பேச்சுகூட வராமல் போகும். மணி பிளாண்டும் பீஸ் லில்லியும் கொஞ்சம் அதே ஜாதிதான். ஜன்னல் ஓரத்திலோ உயரமான அலமாரியிலோ இருக்கட்டும், அழகுக்குக் குறைவில்லை. பாயின்செட்டியாவை நடுவில் வைக்கலாம். கிளையை ஒடித்துக் குப்பியில் சொருகாதீர்கள், பால் வடியும், தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும். தொட்டியோடு வையுங்கள், இலை எதுவும் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தொடாமல். சுற்றிலும் கற்பூரவல்லி, புதினா, ஸ்பைடர் பிளாண்ட் போதும். வில்லியனூர் சுடுமண் தொட்டி சின்னதாக நாலு வாங்கினால் மேஜைக்கே களை வந்துவிடும். எதிரே இருப்பவர் முகத்தை மறைக்கிற உயரம் மட்டும் வேண்டாம். முழங்கையை மேஜையில் ஊன்றி முஷ்டியை உயர்த்துங்கள், செடி அதைத் தாண்டக் கூடாது. மெழுகுவர்த்தியை இலையிலிருந்து தள்ளி ஏற்றுங்கள்.

பூச்சி இந்த மழைக் காலத்தில் தொட்டியின் அடியில்தான் இருக்கும். மரவட்டை, எறும்பு, நத்தை எல்லாம். 23-ஆம் தேதியே தொட்டிகளை மழை படாத இடத்துக்குக் கொண்டுவந்து, சாய்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். இலையின் பின்புறத்தை ஈரத்துணியால் துடையுங்கள். மேல் மண்ணைக் கழுவிய கூழாங்கல்லால் மூடி, அடியில் ஒரு தட்டு வையுங்கள். வேப்பெண்ணெய் அடிக்க வேண்டாம், பிரியாணி வாசனையோடு சண்டை போடும்.

பாயின்செட்டியாவை மட்டும் நீங்கள் கீழே இறக்காதீர்கள். சம்பா கோயிலில் கிறிஸ்துமஸ் பூசை முடிந்து வந்ததும், எப்போது இறக்கலாம், எந்தப் பக்கம் திருப்பி வைக்கலாம் என்று அத்தையிடம் கேளுங்கள், அவர் மகன் தூக்கி வரட்டும். அப்புறம், அந்த அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அடுத்த அக்டோபரில் படி ஏறப்போவது நீங்கள்தான்.