பட்டறை மேசை: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் ஏஆர்-15 வகை ரைஃபிள் காலித் தோட்டாக்களை முன்பக்கமாக வெகுதூரம் வீசுகிறது. தோளில் உதையும் அதிகம். கடினமான ஸ்பிரிங் போடவா, கனமான பஃபர் போடவா?

பதில்: இரண்டையும் வாங்குவதற்கு முன் ஒரு ஸ்கேலை எடுங்கள். மேகசினைக் கழற்றி, சேம்பர் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்த பிறகு, பஃபரையும் (பின்கட்டையின் டியூபுக்குள் ஸ்பிரிங்கோடு ஓடும் எடை) ஸ்பிரிங்கையும் வெளியே எடுத்து மேசைமேல் கிடத்துங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் பாய்ந்து வரும். கார்பைன் (குட்டை டியூப் வகை) ஸ்பிரிங் தளர்வாகக் கிடக்கும்போது சுமார் 25.5 முதல் 28.5 செ.மீ. நீளம் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்துவிட்டால் ஸ்பிரிங் களைத்துவிட்டது. அதே வகையில் புதியது ஒன்றைப் போட்டுச் சுட்டுப் பாருங்கள். 25 ஆண்டுகளாக இந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். வந்த ரைஃபிள்களில் பலவற்றுக்கு அதுவே போதுமாக இருந்தது.

நீளம் சரியாக இருந்தும் முன்பக்கமே வீசுகிறதா? அப்படியானால் போல்ட் (சுடும்போது சேம்பரை மூடியிருக்கும் பாகம்) தேவைக்கு மேல் வேகமாகப் பின்னால் வருகிறது. குழல் முனையை 12 மணி என்று வைத்துக்கொண்டால், காலித் தோட்டா 3 மணிக்கும் 5 மணிக்கும் இடையில் விழுவது நல்லது. 1, 2 மணிப் பக்கம் விழுந்தால் வேகம் அதிகம், 5-ஐத் தாண்டிப் பின்னால் விழுந்தால் வேகம் போதவில்லை. ஆனால் இதை மட்டும் நம்பாதீர்கள், எஜெக்டர் (காலித் தோட்டாவை வெளியே தள்ளும் முள்) ஸ்பிரிங்கின் பலமும் திசையை மாற்றும். தோட்டாவின் அடி விளிம்பைப் பாருங்கள். எக்ஸ்ட்ராக்டர் (தோட்டாவைப் பிடித்து இழுக்கும் கொக்கி) கவ்விய இடம் கிழிந்தோ வளைந்தோ இருந்தால், கூடு சேம்பர் சுவரில் ஒட்டியிருக்கும்போதே போல்ட் அதைப் பிடுங்கி இழுக்கிறது என்று அர்த்தம்.

இந்த நிலையில் நான் முதலில் எடையைத்தான் கூட்டுவேன். கனமான பஃபர் அசையத் தொடங்கவே நேரம் எடுக்கும், அதனால் போல்ட் திறப்பதும் கொஞ்சம் தாமதமாகும், அதற்குள் குழலில் அழுத்தம் இறங்கிவிடும். கடினமான ஸ்பிரிங் அந்த முதல் நொடித்துளியில் பெரிதாக எதுவும் செய்யாது. பின்னால் வந்ததை முன்னால் வேகமாகத் தள்ளத்தான் அதற்குத் தெரியும். மேகசின் அடுத்த தோட்டாவை மேலே தூக்குவதற்குள் போல்ட் ஓடிவந்து அதன் முதுகில் இடித்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

கார்பைன் பஃபர்களின் எடை வரிசை இது: சாதாரணம் 3 அவுன்ஸ் (85 கிராம்), எச் (H) என்று குறித்தது 3.8, எச்2 4.6, எச்3 5.4. ஒரு படி ஏற்றுங்கள், சுடுங்கள், பாருங்கள். ஸ்பிரிங்கையும் பஃபரையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று உங்களுக்கே தெரியாது. எச்3 போட்டும் அடங்கவில்லையென்றால் குற்றம் பஃபரில் இல்லை. கேஸ் போர்ட் (சுடும்போது எழும் வாயுவைக் குழலிலிருந்து போல்ட் பக்கம் அனுப்பும் துளை) பெரிதாக இருக்கிறது, அதைக் குழல் வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: எந்த எடை சரி என்று எப்படி முடிவு செய்வது?

பதில்: மேகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுங்கள். போல்ட் திறந்தபடி நிற்க வேண்டும். நீங்கள் பயன்படுத்தும் தோட்டாக்களிலேயே வீரியம் குறைந்ததை இதற்கு எடுத்துக்கொள்ளுங்கள். ரைஃபிள் சுத்தமாக இருக்கும்போதும், அழுக்கேறிய பிறகும், குளிரான காலையிலும் சோதியுங்கள். எந்த எடையில் ஒருமுறையாவது நிற்காமல் போகிறதோ, அதிலிருந்து ஒரு படி கீழே இறங்குங்கள்.

கேள்வி: பஃபரை ஆட்டினால் உள்ளே சத்தம் வருகிறது. உடைந்துவிட்டதா?

பதில்: இல்லை, அது நல்ல சத்தம். காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே மூன்று எடைக்கட்டிகள் நகர்வது கேட்கும். சாதாரண பஃபரில் மூன்றும் எஃகு. எச்-இல் ஒன்று டங்ஸ்டன், எச்2-இல் இரண்டு, எச்3-இல் மூன்றும். போல்ட் முன்னால் வந்து மோதித் துள்ளப் பார்க்கும் கணத்தில், பின்தங்கி வரும் கட்டிகள் அதை மறுபடியும் அழுத்திப் பிடிக்கின்றன. 1960-களில் எம்16-இல் வெடிமருந்தை மாற்றியபோது சுடும் வேகம் ஏறிவிட்டது. அதைக் கட்டுப்படுத்தத்தான் பழைய பஃபரை விலக்கி, இப்படி நகரும் எடைகள் கொண்டதைக் கொண்டுவந்தார்கள். உங்களுடையதில் சத்தமே இல்லையென்றால்தான் திறந்து பார்க்க வேண்டும்.

கேள்வி: கடைசித் தோட்டாவுக்குப் பிறகு போல்ட் திறந்து நிற்பதில்லை. ஸ்பிரிங்கில் இரண்டு சுற்று வெட்டிவிடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். இதே குறையோடு, மூன்று சுற்று வெட்டிய ஸ்பிரிங்கோடு ஒரு ரைஃபிள் என் மேசைக்கு வந்தது. வெட்டிய பிறகு போல்ட் பின்னால் நிற்கிறது என்று அவர் மகிழ்ந்திருக்கிறார், ஆனால் முன்னால் வரும்போது முழுதாகப் பூட்டும் பலம் அதற்கு இல்லை. கேரியரை (போல்ட்டைத் தாங்கி ஓடும் பாகம்) கழற்றித் திருப்பினேன். கேஸ் கீ (கேரியர்மேல் ஸ்க்ரூவால் பூட்டியிருக்கும், வாயுவை உள்ளே வாங்கும் சிறு குழாய்) உட்காரும் இடத்தில், முடி அகலத்துக்கு ஒரு கறுப்புப் புகைக்கோடு. விரலால் அசைத்தால் கீ ஆடியது. ஸ்க்ரூத் தலையின் ஓரத்தில் உலோகத்தை உளியால் நெருக்கிப் பூட்டியிருக்க வேண்டும், அங்கே அந்தத் தழும்பே இல்லை. கேஸ் அந்த வழியாகக் கசிந்து போய்க்கொண்டிருந்தது. இரண்டு ஸ்க்ரூவையும் மாற்றி, முறுக்கி, நெருக்கிப் பூட்டி, புது ஸ்பிரிங் போட்டதும் சரியாகிவிட்டது. நீங்களும் முதலில் அங்கே பாருங்கள். பிறகு மேகசினை மாற்றிப் பாருங்கள், களைத்த மேகசினாலும் இந்தக் குறை வரும்.

கேள்வி: நீளமான ரைஃபிள் டியூபில் கார்பைன் பஃபர் போடலாமா?

பதில்: கூடாது. கார்பைன் பஃபர் நீளம் சுமார் 8 செ.மீ., ரைஃபிள் பஃபர் சுமார் 15 செ.மீ. குட்டையானதைப் போட்டால் கேரியர் அளவுக்கு மீறிப் பின்னால் போய், கேஸ் கீ கீழ் ரிசீவரில் (ரைஃபிளின் கீழ் உடற்பகுதி) இடிக்கும். ரைஃபிள் ஸ்பிரிங்கைக் கார்பைன் டியூபில் திணிப்பதும் தவறு. சுருள்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால் போல்ட் முழுதாகப் பின்வர இடம் இருக்காது. டியூப், ஸ்பிரிங், பஃபர் மூன்றையும் ஒரே வகையாக வாங்குங்கள்.